என் 25 நாளை அளவுகோல் ஆக்காதீர்கள்

வழக்கமாக இந்தப் பக்கத்தில் பழைய பள்ளிக்கூடக் கதை எழுதுவேன். இல்லையென்றால் ஏரிக்கரையில் குப்பை கொட்டுகிறவர்களைத் திட்டுவேன். இன்றைக்கும் திட்டத்தான் போகிறேன், விஷயம் வேறு. பதிவு நீளம். பொறுமையாகப் படியுங்கள். வீட்டில் உள்ள ஆண்களும் படிக்க வேண்டும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், என்னிடம் அஞ்சாவது படித்த மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். இப்போது அவளுக்கு 51 வயது. ஜாக்கெட் தைப்பவள். எங்கள் தெருவில் பாதிப் பெண்கள் அவள் தைத்துக் கொடுத்ததைத்தான் போடுகிறோம். பேர் எழுதமாட்டேன்.

மார்பில் சின்னக் கட்டி. ஆரம்ப நிலையிலேயே தெரிந்துவிட்டது. மார்பை எடுக்காமல் கட்டியை மட்டும் எடுத்திருக்கிறார்கள். அக்குளில் பரவவில்லை, கீமோ தேவையில்லை, கரண்ட் வைத்துக்கொண்டு மாத்திரை சாப்பிட்டால் போதும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். 15 நாள் கரண்ட். இவ்வளவு நல்ல செய்தியோடு வந்தவள் முகம் வாடிப்போய் இருந்தது.

"எப்போ ஆரம்பிக்கிறாங்கம்மா?"

"போகலை டீச்சர். மார்க் பண்ண வரச்சொன்ன தேதி போய் 12 நாள் ஆச்சு."

"ஏன்?"

"எங்க மாமியார் வேணாங்கிறாங்கோ. உங்களுக்கு 25 நாள் வெச்சாங்களே, எனக்கு 15 நாள்தான் எழுதியிருக்காங்கோ. காப்பீட்டு அட்டைல பண்றதால பாதியோட அனுப்பிடுவாங்கோன்னு சொல்றாங்கோ. பாதி வைத்தியத்துக்கு ஏன் அலையணும், நாட்டு மருந்து பாத்துக்கலாம்னு..."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் வைத்தியத்தை நிறுத்தியது மாமியார் மட்டும் இல்லை. நானும்தான். "டீச்சருக்கு 25 நாள்" என்ற ஒரு வரி தெருவெல்லாம் சுற்றி, அவள் காதில் போய் அப்படி உட்கார்ந்திருக்கிறது.

அதனால் இதை எழுத வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது. நான் டாக்டர் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து, 1982 முதல் 2016 வரை 34 வருஷம் சின்னப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவள். ஆனால் இந்த நோய் எனக்கு வந்தது. மார்பைக் காப்பாற்றிக் கட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு கரண்ட் வாங்கியவள் நான். அதற்குப் பிறகு நர்ஸாக இருக்கிற என் அண்ணன் மகளை உட்காரவைத்து, ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுப் படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

என் கதை

எனக்கு 2013-ல். ஒரு பெரிய ஊர் மருத்துவமனை. பேர் வேண்டாம். திங்கள் முதல் வெள்ளி வரை, 5 வாரம், 25 நாள். மேசையில் படுத்திருக்கும் நேரம் சில நிமிஷம். வலி கிடையாது. ஆனால் அந்தச் சில நிமிஷத்துக்காக லாட்ஜில் ரூம் எடுத்து, எங்கள் வீட்டுக்காரர் துணைக்கு இருந்து, இரண்டு பேரும் ஓட்டலில் சாப்பிட்டு, 5 வாரம் வீடு பூட்டிக் கிடந்தது. எனக்கு மெடிக்கல் லீவு இருந்தது, சம்பளம் வந்தது. அதே வரிசையில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அம்மா மல்லாட்டை பிடுங்கும் கூலிக்காரி. மூன்றாவது வாரத்துக்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியாது. அந்தக் காலி நாற்காலி மட்டும் ஞாபகம் இருக்கிறது.

இப்போது என் கோபத்தைச் சொல்கிறேன். நான் அந்த மேசையில் படுத்திருந்த அதே 2013-ல், 15 நாள் வைத்தியம் 25 நாள் வைத்தியத்துக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை என்று 10 வருஷக் கணக்கோடு இங்கிலாந்தில் முடிவு வெளியானது. கனடாவில் அதற்கும் முன்னால் 2010-லேயே வெளியாகிவிட்டது. என்னிடம் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் 25 நாளையே கேட்டிருப்பேனோ என்னவோ. ஆனால் சொல்லவில்லை.

கணக்கு

கரண்ட் என்று நாம் சொல்வது கதிர்வீச்சு. அதை அளக்கும் அலகுக்குப் பேர் கிரே. பாலை லிட்டரில் அளக்கிற மாதிரி.

எனக்குக் கொடுத்தது 25 நாளில் 50 கிரே. ஒரு நாளைக்கு 2.
என் மாணவிக்கு எழுதியிருப்பது 15 நாளில் 40 கிரே. ஒரு நாளைக்கு சுமார் 2.67.

மாமியார் கணக்கில் 15 என்பது 25-ஐவிடச் சின்னது, 40 என்பது 50-ஐவிடச் சின்னது. அஞ்சாவது பிள்ளையும் இதைத்தான் சொல்லும். ஆனால் உடம்பு கூட்டல் கணக்கு மட்டும் போடுவதில்லை. ஒரே தடவையில் எவ்வளவு விழுகிறது என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுகிறது. நம் ஊர் ஏரியைப் பாருங்கள். மாதம் முழுக்கத் தினம் தூறினால் மண் நனையும், அவ்வளவுதான். அதைவிடக் குறைந்த மழை, நாலைந்து நாள் நன்றாகப் பெய்தால் கால்வாயில் தண்ணீர் ஓடி ஏரிக்கு வரும். மொத்த மழையை மட்டும் பார்த்து ஏரி மட்டத்தைச் சொல்ல முடியாது.

அப்படியானால் முதலில் ஏன் 25 நாள் வைத்தார்கள்? அதற்கும் காரணம் உண்டு. கதிரைச் சிறுசிறு பங்காகக் கொடுத்தால் பக்கத்தில் இருக்கும் நல்ல சதை தேறிக்கொள்ளும், புற்று மட்டும் அழியும் என்பது பழைய பாடம். பல வகைப் புற்றுநோய்க்கு அந்தப் பாடம் சரி. மார்பகப் புற்று அதில் அடங்கவில்லை. நல்ல சதை எப்படி ஒரு நாள் அளவைப் பொறுத்து அசைகிறதோ, ஏறக்குறைய அதே மாதிரிதான் மார்பகப் புற்றும் அசைகிறது. அப்படி இருக்கும்போது பொடிப்பொடியாகப் பிரிப்பதில் தனியாக ஒரு லாபமும் இல்லை. நாள் அளவைக் கொஞ்சம் கூட்டி, மொத்த அளவைக் குறைத்துவிட்டால் புற்றுக்கும் போதும், சதைக்கும் பாரம் இல்லை.

வாயால் சொன்னது இல்லை, 10 வருஷம் பார்த்தது

கனடாவில் 1993-ல் இருந்து 1996 வரை 1,234 பெண்களைச் சேர்த்தார்கள். எல்லோரும் மார்பைக் காப்பாற்றிக் கட்டியை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள். பாதிப் பேருக்கு 25 நாள், பாதிப் பேருக்கு 16 நாள். யாருக்கு எது என்று டாக்டரும் தேர்ந்தெடுக்கவில்லை, நோயாளியும் தேர்ந்தெடுக்கவில்லை. சீட்டுக் குலுக்கிப் போடுகிற மாதிரி. 10 வருஷம் கழித்துப் பார்த்தால், அதே மார்பில் நோய் திரும்பியது 25 நாள்காரர்களில் 100-க்கு 6.7 பேருக்கு, 16 நாள்காரர்களில் 6.2 பேருக்கு. இந்த வித்தியாசம் ஒரு வித்தியாசமே இல்லை.

இங்கிலாந்தில் 1999-ல் தொடங்கியது ஸ்டார்ட் ஆய்வு. அதில் ஒரு பகுதியில் 2,215 பெண்கள். 25 நாளில் 50 கிரேயா, 15 நாளில் 40 கிரேயா என்பதுதான் கேள்வி. 10 வருஷ முடிவில் மார்பிலோ அதைச் சுற்றியோ நோய் திரும்பியது 25 நாளில் 100-க்கு 5.5 பேருக்கு, 15 நாளில் 4.3 பேருக்கு. மார்பு சுருங்குவது, வீங்குவது போன்ற பக்கவிளைவும் 15 நாள்காரர்களுக்குத்தான் குறைவு.

இந்த வழியில் அதற்குப் பிறகும் ஒரு படி போய்விட்டார்கள். 2020-ல் வந்த இன்னொரு இங்கிலாந்து ஆய்வில் 4,096 பேர். 15 நாளை 5 நாளோடு ஒப்பிட்டார்கள். 5 நாளில் 26 கிரே. 5 வருஷம் கழித்து நோய் திரும்பியது 15 நாளில் 100-க்கு 2.1 பேருக்கு, 5 நாளில் 1.4 பேருக்கு. நம் நாட்டுப் பெண்களுக்கும் இது சரிவருமா என்று பார்க்க, கொல்கத்தா டாடா மெடிக்கல் சென்டர் தலைமையில் இதே ஒப்பீட்டை நம் நாட்டிலும் ஆய்வாக நடத்துகிறார்கள்.

"ஏழைக்கு இது போதும்னு தர்றாங்க"

தெருவில் அதிகம் கேட்கும் பேச்சு இதுதான். எனக்கு இதில்தான் அதிகக் கோபம். ஏனென்றால் இந்தச் சந்தேகம் காரணமில்லாமல் வரவில்லை. ரேஷன் அரிசியில் இருந்து பள்ளிக்கூடக் கட்டிடம் வரை ஏழைக்கு மட்டம்தான் என்று பார்த்துப் பழகிய ஜனம், மருந்தையும் அப்படித்தான் பார்க்கும். மாமியாரை நான் முட்டாள் என்று சொல்லமாட்டேன். பட்ட அனுபவத்தில் பேசுகிறார்.

ஆனால் இந்த இடத்தில் தப்பு. இங்கிலாந்து அரசு 2009-லேயே 15 நாளைத்தான் வழக்கமான முறை என்று அறிவித்தது. அங்கே பணக்காரருக்கு ஒன்று, கூலிக்காரருக்கு ஒன்று என்று பிரிக்கவில்லை. அமெரிக்காவில் கதிர்வீச்சு டாக்டர்கள் சங்கமும் 2018-ல் குறுகிய முறையையே முதலில் யோசிக்கச் சொல்லிவிட்டது. காப்பீட்டு அட்டையே இல்லாமல் கை நிறையப் பணத்தோடு போனாலும் பெரும்பாலானவர்களுக்கு இன்று கொடுக்க வேண்டியது இதைத்தான்.

உண்மையைச் சொன்னால், ஏழையை ஏமாற்றுவது நேர்மாறான பக்கத்தில் இருக்கிறது. 15 நாள் போதும் என்று தெரிந்தும் 25 நாள் வரச்சொல்லி, பத்து நாள் பஸ் காசையும் பத்து நாள் கூலியையும் பிடுங்குவதுதான் ஏமாற்று. எங்கெல்லாம் சிட்டிங் எண்ணிக்கையைப் பார்த்துக் கட்டணம் போடுகிறார்களோ, அங்கெல்லாம் நாள் கூடுவதில் யாருக்கு லாபம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

"ஒரே நாள்ல அதிகமா வெச்சா வெந்துடாதா?"

நியாயமான பயம். பெரிய பெரிய அளவாகக் கொடுத்ததில் முன்னொரு காலத்தில் இங்கிலாந்திலேயே சில பெண்களுக்குக் கை நரம்பு பாதித்து, கை விளங்காமல் போனது. அந்தப் பெண்கள் சும்மா இருக்கவில்லை, ஒன்று சேர்ந்து கேள்வி கேட்டார்கள். அந்த அனுபவம் கண்முன் இருந்த காலத்தில்தான் ஸ்டார்ட் ஆய்வு தொடங்கியது. நோய் திரும்புகிறதா என்று மட்டும் பார்க்காமல் தோள், கை, தோல் என்று வருஷக் கணக்கில் பரிசோதித்தார்கள். அளவைக் கண்ணை மூடிக்கொண்டு கூட்டவில்லை. மொத்தத்தை 50-ல் இருந்து 40-க்கு இறக்கிய பிறகுதான் நாளைக் குறைத்தார்கள். தோல் கறுக்கும், அரிக்கும், களைப்பு இருக்கும். எனக்கும் 25 நாளில் அதெல்லாம் இருந்தது.

எது உண்மையில் குறைவு?

இதை மட்டும் பெரிய எழுத்தில் படித்த மாதிரி மனசில் வையுங்கள். 15 நாள் குறைவில்லை. போகாமல் இருப்பதுதான் குறைவு.

அமெரிக்காவில் கட்டியை மட்டும் எடுத்த பெண்களை 20 வருஷம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். 2002-ல் வெளியான முடிவு. கதிர் வாங்கியவர்களில் 100-க்கு 14 பேருக்கு அதே மார்பில் நோய் திரும்பியது. கதிர் வாங்காதவர்களில் 39 பேருக்கு. கட்டியை எடுத்தாச்சே, இனி எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு இந்த இரண்டு எண்தான் பதில். மார்பைக் காப்பாற்றும் ஆபரேஷன் கத்தியோடு முடிவதில்லை, கரண்டும் சேர்ந்தால்தான் அது முழு வைத்தியம்.

இன்னொன்று. நாளைக் கேட்டுப் பயந்தே முழு மார்பையும் எடுத்துவிடச் சொன்ன பெண்களை எனக்குத் தெரியும். "அஞ்சு வாரம் யாரு டீச்சர் கூட வருவாங்கோ, எடுத்துட்டா ஒரே வேலையா போச்சு." முழுவதும் எடுப்பது தப்பான வைத்தியம் இல்லை. சிலருக்கு அதுதான் தேவை. விருப்பப்பட்டு எடுத்துக்கொண்டால் அது அவரவர் உரிமை. ஆனால் பஸ்ஸுக்குப் பயந்து ஒரு பெண் தன் உறுப்பைக் கொடுப்பதா? கீழ்பென்னாத்தூரில் இருந்து இதற்கு நம் ஜனங்கள் வழக்கமாகப் போவது வேலூர், புதுச்சேரி, காஞ்சிபுரம், சென்னை. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, நல்லது. இந்த ஊர்களுக்கெல்லாம் டவுன் பஸ் போகாது. 25-ஐ 15 ஆக்கினால் அந்தப் பெண்ணுக்குப் போகவர 20 பயணம் மிச்சம்.

இயந்திரக் கணக்கும் உண்டு. 10 லட்சம் பேருக்கு ஒரு கதிர்வீச்சு இயந்திரமாவது வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லும் அளவு. நம் நாட்டில் அதில் ஏறக்குறைய பாதிதான் இருக்கிறது. ஆனால் 2022 கணக்குப்படி ஒரே வருஷத்தில் சுமார் 1,92,000 பெண்களுக்கு மார்பகப் புற்று வந்திருக்கிறது. மூன்று பெண்கள் 25 நாள் வாங்கும் நேரத்தில் ஐந்து பெண்கள் 15 நாள் வாங்கிவிடலாம். மூன்று இருபத்தைந்து 75, ஐந்து பதினைந்து 75. இது வாய்ப்பாடு. நாள் தேவையில்லாமல் நீளும்போது, வெளியே வரிசையில் நிற்கும் இரண்டு பெண்களுக்கு இடம் இல்லாமல் போகிறது.

ஆனால், எல்லோருக்கும் ஒரே எண் இல்லை

இந்தப் பதிவைக் காட்டி டாக்டரிடம் யாரும் சண்டைக்குப் போகாதீர்கள். வயது குறைந்தவர்களுக்கும் இன்னும் சிலருக்கும் கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் கூடுதலாகச் சில நாள் வைப்பார்கள். அதை பூஸ்ட் என்பார்கள். அக்குளில் பரவியிருந்தால், மார்பைத் திருத்தி அமைக்கும் ஆபரேஷன் செய்திருந்தால், டாக்டர் வேறு கணக்குப் போடலாம். 5 நாள் முறை யாருக்குப் பொருந்தும் என்பதையும் அவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். 25 நாளுக்குக் காரணம் இருந்தால் 25 நாள் போங்கள். ஆனால் காரணம் இருக்க வேண்டும். "வழக்கமா இப்படித்தான்" என்பது காரணம் இல்லை.

அதனால் கேட்க வேண்டிய கேள்வி மூன்று.
1. எனக்கு எத்தனை நாள்?
2. ஏன் அத்தனை நாள்? அதைவிடக் குறைந்த நாளில் முடியுமா, முடியாது என்றால் ஏன்?
3. பூஸ்ட் உண்டா?

மரியாதையாகக் கேளுங்கள். எழுதி வாங்குங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ளமாட்டார்.

டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் சரியான வைத்தியத்தைத்தான் எழுதுகிறீர்கள். ஆனால் சீட்டில் 15 என்று மட்டும் எழுதி அனுப்பினால், அந்த எண் ஊருக்குள் வரும்போது "பாதி" என்று ஆகிவிடுகிறது. "இது முழு வைத்தியம்" என்று தமிழில் ஒரு வரி சேர்த்து எழுதக் கூடாதா? கூட வந்திருக்கும் மாமியாரையும் புருஷனையும் உள்ளே கூப்பிட்டு இரண்டு நிமிஷம் சொல்லக் கூடாதா? வகுப்பில் பிள்ளைக்குப் புரியவில்லை என்றால் பிள்ளை மேல் பழி போடக் கூடாது என்றுதான் எங்களுக்குப் பயிற்சிப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள்.

அரசாங்கத்துக்கு: காப்பீட்டில் பணம் கொடுப்பது வைத்தியம் முடிந்ததா என்பதைப் பார்த்து இருக்கட்டும், எத்தனை நாள் இழுத்தது என்பதைப் பார்த்து வேண்டாம். கதிர்வீச்சுக்கு வரும் வெளியூர்ப் பெண்களுக்கும் துணைக்கு வருபவர்களுக்கும் தங்க இடமும் பஸ் பாஸும் கொடுங்கள். ரயிலில் புற்றுநோயாளிக்கும் துணைக்கு ஒருவருக்கும் சலுகை இருக்கிறது, அது பலருக்குத் தெரியவே தெரியாது. மருத்துவமனையிலேயே அந்தப் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள்.

1954-ல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை திறக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பாடுபட்டதற்குக் காரணம், உடன்பிறந்தவரைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துக்கம். பிழைக்க வழியில்லாத காலத்தில் ஒரு பெண் அவ்வளவு செய்தார். வழி இருக்கிற காலத்தில் நாம் தெருப்பேச்சால் ஒரு பெண்ணைத் தடுத்து உட்காரவைக்கலாமா?

அன்றைக்குச் சாயங்காலமே மாணவி வீட்டுக்குப் போனேன். மாமியாருக்கு 50, 25, 40, 15 எல்லாம் சிலேட்டில் எழுதிக் காட்டவில்லை. ஒன்றே ஒன்று சொன்னேன். "எனக்கு வெச்சது பழைய முறைம்மா. இப்போ வந்திருந்தா எனக்கும் 15 நாள் எழுதுங்கன்னுதான் நானே கேட்டிருப்பேன்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நெஜமாவா டீச்சரம்மா?" என்று கேட்டார். நிஜமாகத்தான் என்றேன். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மூன்று பேரும் போனோம்.

நேற்றோடு 6 நாள் முடிந்தது. இன்னும் 9. தீபத்துக்கு முன்னால் முடிந்துவிடும். தீபக் கூட்டத்தில் பஸ் பிடிக்கும் வேலை இல்லை என்று அவளுக்குச் சந்தோஷம். தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டை அவளிடம் இப்போது யாரும் அவசரப்படுத்திக் கேட்காதீர்கள்.

இனிமேல் யார் வீட்டிலாவது "டீச்சருக்கு 25 நாள் வெச்சாங்க" என்று பேச்சு வந்தால், "அது 2013" என்று சொல்லுங்கள்.